ஏவிஎக்ஸ் தகராறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

மேசைக் கணினியில் ஒழுங்காக ஓடிய கணக்கீட்டு நிரல் கிளஸ்டரில் (பல எந்திரங்களை இணைத்த கணினித் தொகுப்பில்) போட்டதும் முதல் நொடியிலேயே செத்து விழுகிறது. இல்லாவிட்டால் ஓடுகிறது, ஆனால் விடை பதின்மூன்றாம் இலக்கத்திலிருந்து மாறி வருகிறது. அதுவும் இல்லாவிட்டால் புது ப்ராசஸர் வாங்கியும் வேகம் கூடவில்லை. இப்படி வருகிறவர்களின் கதைகளைக் கேட்டால் பாதிக்கு மேல் வந்து நிற்பது ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் வெக்டார் (சிம்டு) கட்டளைகளில்தான்: எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2, ஏவிஎக்ஸ்-512.

பின்னணி சுருக்கமாக. 64 பிட் எக்ஸ்86 ப்ராசஸர் எதுவானாலும் எஸ்எஸ்இ2 இருக்கும், 128 பிட் ரெஜிஸ்டர், ஒரே கட்டளையில் இரண்டு டபுள் (64 பிட் மிதவைப் புள்ளி) எண்கள். 2011-இல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் சிப்புடன் ஏவிஎக்ஸ் வந்தபோது அது நான்கானது. 2013-இல் ஹாஸ்வெல்லில் ஏவிஎக்ஸ்2-வும், பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் முடிக்கும் எஃப்எம்ஏ கட்டளையும் சேர்ந்தன. 2017-இல் ஸ்கைலேக் சர்வர் சிப்களில் ஏவிஎக்ஸ்-512, அதில் எட்டு டபுள்.

கம்பைலருக்கு நாம் கொடுக்கும் கொடி ஒரு வாக்குறுதி. ‘இந்த நிரல் ஓடப்போகும் எந்திரத்தில் இந்தக் கட்டளைகள் நிச்சயம் இருக்கும்’ என்று எழுதிக் கொடுக்கிறோம், கம்பைலர் அதை நம்பி வேலை செய்கிறது, பிறகு நாம்தான் அந்த நிரலை வேறு எந்திரத்துக்குத் தூக்கிப் போகிறோம். அதனால் எந்த அறிகுறி வந்தாலும் கொடிகளைக் கண்டபடி மாற்றிப் பார்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது: எங்கே கம்பைல் ஆனது, எங்கே ஓடுகிறது, எந்தக் கட்டளையை எடுப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இதற்கு விடை தெரியாமல் கொடியை மாற்றினால் ஒரு பிழை மறைந்து இன்னொன்று முளைக்கும்.

(கட்டளைகளையும் கொடிகளையும் உச்சரிப்பு வடிவில் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் எந்திரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

லினக்ஸில் ‘எல்எஸ்சிபியு’ அடித்து ஃபிளாக்ஸ் வரியைப் பாருங்கள். கிளஸ்டர் என்றால் நீங்கள் உள்நுழையும் லாகின் நோடில் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், வேலை ஓடும் கம்ப்யூட் நோடுக்குள் ஒரு சின்ன ஜாப் அனுப்பி அங்கேயும் அதே கட்டளையை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே தலைமுறை சிப்பாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.33 அல்லது அதற்கு மேல் இருந்தால், நிரலையும் லைப்ரரிகளையும் ஏற்றும் டைனமிக் லோடரை ‘--ஹெல்ப்’ போட்டு ஓட்டினால் வி2, வி3, வி4 ஆகியவற்றில் எந்த நிலை வரை இந்த எந்திரம் தாங்கும் என்று அதுவே சொல்லிவிடும். வி2 என்றால் எஸ்எஸ்இ4.2 வரை, வி3 என்றால் ஏவிஎக்ஸ்2-வும் எஃப்எம்ஏ-வும், வி4 என்றால் ஏவிஎக்ஸ்-512-இன் முக்கியப் பகுதிகள். இந்த நிலைகள் 2020-இல் வகுக்கப்பட்டவை. என்னைக் கேட்டால், ஒவ்வொரு ஃபிளாக்காகப் பெயர் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட ‘இந்த நிரலுக்கு வி3 போதும்’ என்று பேசுவதே நல்லது.

அறிகுறி: ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று செத்து விழுகிறது

ஷெல்லில் எக்ஸிட் கோடு 132 வரும், விண்டோஸில் 0எக்ஸ்சி000001டி. ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளையை யாரோ அதற்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஊகிக்க வேண்டாம், நேரே பார்த்துவிடலாம். நிரலை ஜிடிபி டீபக்கரில் ஓட்டுங்கள், செத்ததும் ‘எக்ஸ்/ஐ $பிசி’ என்று கேளுங்கள், எந்தக் கட்டளையில் நின்றது என்று காட்டும். இசட்எம்எம் ரெஜிஸ்டர் தெரிந்தால் ஏவிஎக்ஸ்-512, ‘விஎஃப்எம்ஏடிடி’ என்று தொடங்கினால் எஃப்எம்ஏ. அப்புறம் ‘பிடி’ (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) கொடுத்து அந்தக் கட்டளை உங்கள் நிரலுக்குள் இருக்கிறதா, ஏதாவது லைப்ரரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து என்ன செய்வது என்பது முழுக்க இந்த விடையைப் பொறுத்தது.

உங்கள் நிரலுக்குள்தான் என்றால் முதல் சந்தேகம் ‘-மார்ச்=நேட்டிவ்’ மேல். கம்பைல் செய்யும் எந்திரத்தில் இருக்கும் எல்லாக் கட்டளைகளையும் பயன்படுத்து என்பதுதான் அந்தக் கொடி. லாகின் நோட் புதியது, கம்ப்யூட் நோட் பழையது என்றால் கதை முடிந்தது. டாக்கர் இமேஜை ஒரு பில்ட் சர்வரில் கட்டி வேறொரு இடத்தில் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான். ‘-மார்ச்=எக்ஸ்86-64-வி3’ என்று மாற்றுங்கள் (ஜிசிசி 11, கிளாங் 12 கம்பைலர்கள் முதல் உண்டு). ஹாஸ்வெல் தலைமுறை முதல் வந்த இன்டெல் சியான் சர்வர்கள் எல்லாவற்றிலும், ஏஎம்டி ஜென் வரிசை முழுவதிலும் ஓடும். ஆனால் அதே ஆண்டுகளில் பென்டியம், செலரான் என்ற பெயரில் விற்ற மலிவு சிப்கள் பலவற்றில் ஏவிஎக்ஸே கிடையாது, வருடத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

லைப்ரரிக்குள் என்றால், கட்டித் தயாராகக் கிடைத்த பைனரி உங்கள் எந்திரத்தைவிடப் புதியதை எதிர்பார்க்கிறது. இயந்திரக் கற்றல் லைப்ரரியான டென்சர்ஃப்ளோ 1.6 வெளியானபோது (2018) நடந்தது இதுதான்: அதிகாரப்பூர்வ பைனரிகள் ஏவிஎக்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்று ஆனதும் பழைய கணினிகளில் ‘இம்போர்ட்’ செய்த உடனேயே செத்தது. ஆப்பிள் எம்1, எம்2 மடிக்கணினியில் எக்ஸ்86 பைனரியை ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பி வழியாக ஓட்டுகிறவர்களுக்கும் மேக்ஓஎஸ் சிகோயாவுக்கு முன்பு வரை ஏவிஎக்ஸ் கிடைக்காது. ஆர்முக்கென்றே கட்டிய பைனரியைத் தேடிப் போட்டுக்கொள்வதுதான் அங்கே சரியான வழி.

எல்லாம் சரியாகச் செய்தும் பழைய எந்திரத்தில் சாகிறது, அதுவும் ஏவிஎக்ஸ் பகுதிக்குள் நுழையாமலேயே சாகிறது என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் நாள்கணக்கில் திண்டாடுகிறவர்கள் அதிகம். நீங்கள் நல்ல முறையில்தான் எழுதியிருக்கிறீர்கள்: ஒரு கோப்பை மட்டும் ஏவிஎக்ஸ்2 கொடியோடு கம்பைல் செய்து, மற்றதைச் சாதாரணமாகக் கம்பைல் செய்து, ஓடும்போது ப்ராசஸரைக் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கோப்பிலுள்ள ஃபங்ஷனைக் கூப்பிடுகிறீர்கள். ஆனால் அந்தக் கோப்பு சி++ ஸ்டாண்டர்டு லைப்ரரியின் வெக்டார் ஹெடரையோ வேறு டெம்ப்ளேட்டையோ உள்ளே இழுத்திருக்கிறது. அதே டெம்ப்ளேட் ஃபங்ஷன் சாதாரணக் கோப்பிலும் உருவாகியிருக்கும். ஒரே பெயரில் இரண்டு பிரதிகள், லிங்கர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடும். அது வைத்துக்கொண்டது ஏவிஎக்ஸ்2 பிரதி என்றால் நிரல் முழுவதும் அதைத்தான் கூப்பிடும், நீங்கள் செய்த சோதனைக்கு எந்தப் பலனும் இல்லை. கோப்புகளை லிங்க் செய்யும் வரிசையை மாற்றினால் பிழை வந்து வந்து போகும், அதனால்தான் அத்தனை குழப்பம். தீர்வு: வெக்டார் கோப்பில் டெம்ப்ளேட், இன்லைன் ஃபங்ஷன் எதையும் வெளியிலிருந்து இழுக்காதீர்கள், வெறும் பாயின்டரும் நீளமும் வாங்கும் சி பாணி ஃபங்ஷனாக எழுதுங்கள், உதவி ஃபங்ஷன்களை ‘ஸ்டாட்டிக்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஜிசிசியின் ‘டார்கெட்_குளோன்ஸ்’ அட்ரிப்யூட்டை ஃபங்ஷனுக்கு மேல் போட்டு, பல பிரதிகள் உருவாக்குவதையும் ஓடும்போது தேர்ந்தெடுப்பதையும் கம்பைலரிடமே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: சிப்பில் இருக்க வேண்டிய கட்டளை ஃபிளாக்ஸில் தெரியவில்லை

விர்ச்சுவல் மெஷின் என்றால் முதலில் அங்கே பாருங்கள். க்யூஎம்யு என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் சிபியு மாடல் எதுவும் சொல்லாமல் விட்டால் ஏவிஎக்ஸ் இல்லாத பொது மாடல் ஒன்றைக் காட்டும். ‘-சிபியு ஹோஸ்ட்’, அதை நிர்வகிக்கும் லிப்வெர்ட்டில் ‘ஹோஸ்ட்-பாஸ்த்ரூ’ என்று மாற்றினால் தீர்ந்தது.

நேரடி எந்திரம் என்றால் கெர்னல் கமாண்ட் லைனைப் பாருங்கள். ‘நோஎக்ஸ்சேவ்’ இருந்தால் ஏவிஎக்ஸ் முழுக்கப் போய்விடும், ஏனென்றால் அகன்ற ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்கும் வேலையை ஆபரேட்டிங் சிஸ்டம் செய்யாமல் அவற்றைத் தொடவே முடியாது. இன்னொன்று ‘கேதர்_டேட்டா_சாம்ப்ளிங்=ஃபோர்ஸ்’. 2023 ஆகஸ்டில் வெளியான டவுன்ஃபால் பாதுகாப்புக் குறைபாட்டுக்காகச் சேர்த்தது. மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஏற்றும் திருத்த நிரல்) புதுப்பிக்காத எந்திரத்தில் இதைப் போட்டால் கெர்னல் ஏவிஎக்ஸையே அணைத்துவிடும்.

இன்டெல் 12-ஆம் தலைமுறை டெஸ்க்டாப், மடிக்கணினி சிப்களில் ஏவிஎக்ஸ்-512-ஐத் தேடாதீர்கள். பெரிய கோர்களில் அதற்கான சுற்று இருந்தும் சின்ன கோர்களில் இல்லாததால் அணைத்துவிட்டார்கள். மேசையில் வைத்து ஏவிஎக்ஸ்-512 எழுதிப் பழக வேண்டுமென்றால் ஏஎம்டி ஜென் 4, ஜென் 5 நல்ல தேர்வு.

அறிகுறி: செக்மென்டேஷன் ஃபால்ட், ஆனால் பாயின்டர் சரியாகத்தான் இருக்கிறது

காரணம் அலைன்மென்ட், அதாவது தரவின் முகவரி எந்த எண்ணால் வகுபட வேண்டும் என்பது. ‘_எம்எம்256_லோட்_பிடி’ 32-ஆல் வகுபடும் முகவரியைத்தான் ஏற்கும், மால்லாக் தருவதோ 16-க்குத்தான் உத்தரவாதம். தற்செயலாக 32-இல் அமைந்துவிட்டால் தப்பிக்கும், அடுத்த தடவை சாகும். ‘லோட்’ இருக்கும் இடத்தில் ‘லோட்யு’ போடுங்கள், இன்றைய ப்ராசஸர்களில் முகவரி ஒழுங்காக இருந்தால் இரண்டுக்கும் வேக வித்தியாசம் இல்லை. வேகம் வேண்டுமென்றால் நினைவகத்தை ‘அலைன்டு_அல்லாக்’ மூலம் 64 பைட் எல்லையில் வாங்குங்கள், கேஷ் லைனும் அதே அளவு, ஏவிஎக்ஸ்-512-க்கும் அதுவே போதும்.

ஐகன் என்ற சி++ மேட்ரிக்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் ‘ஃப்ரீ’ செய்யும் இடத்தில் ‘இன்வேலிட் பாயின்டர்’ என்று சாவதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஐகன் தன் அலைன்மென்ட்டைக் கம்பைலர் கொடியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது: எஸ்எஸ்இ என்றால் 16, ஏவிஎக்ஸ் என்றால் 32. லைப்ரரியை ஒரு கொடியிலும் உங்கள் நிரலை வேறு கொடியிலும் கம்பைல் செய்தால், ஒரு பக்கம் 32-க்கு ஒழுங்குபடுத்தி ஒதுக்கிய நினைவகத்தை மறுபக்கம் சாதாரண மால்லாக் என்று நினைத்து விடுவிக்கும். ஐகனைத் தொடும் எல்லாவற்றையும் ஒரே கொடியில் கம்பைல் செய்வதைத் தவிர நான் வேறு வழி சொல்ல மாட்டேன்.

அறிகுறி: எந்திரத்துக்கு எந்திரம் விடை மாறுகிறது

இதில் பதறவேண்டிய வகையும் உண்டு, பதற வேண்டாத வகையும் உண்டு.

பதற வேண்டாதது கூட்டல் வரிசை. பத்து லட்சம் எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுவதும், நான்கு தனித்தனிக் கூட்டல்களாக வைத்துக் கடைசியில் சேர்ப்பதும் ஒரே விடையைத் தராது, ஏனென்றால் மிதவைப் புள்ளிக் கூட்டலில் வரிசை மாறினால் ரவுண்டிங் மாறும். புது விடை தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தனித்தனியாகப் பிரித்துக் கூட்டியதில்தான் பெரும்பாலும் பிழை குறைவு. சோதனைகளில் பிட்டுக்குப் பிட் ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, உங்கள் கணக்குக்குப் பொருந்தும் சகிப்பு எல்லை ஒன்றை வையுங்கள். பிட்டுக்குப் பிட் கட்டாயம் வேண்டும் என்றால் இன்டெல்லின் கணித லைப்ரரியான எம்கேஎல்லில் ‘எம்கேஎல்_சிபிடபிள்யூஆர்’ என்ற சூழல் மாறியை ‘ஏவிஎக்ஸ்2’ என்று எல்லா எந்திரத்திலும் ஒரே மாதிரி வைக்கலாம். இன்னொரு கணித லைப்ரரியான ஓப்பன்பிளாஸில் ‘ஓப்பன்பிளாஸ்_கோர்டைப்=ஹாஸ்வெல்’ என்று வைத்து எல்லா இடத்திலும் ஒரே கணக்கீட்டுப் பகுதியை ஓட வைக்கலாம், த்ரெட் எண்ணிக்கையையும் சமமாக வைத்திருங்கள்.

பதறவேண்டியது எஃப்எம்ஏ. பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்து ஒரே ஒரு ரவுண்டிங் செய்வது துல்லியத்துக்கு நல்லதுதான், ஆனால் எக்ஸ்×எக்ஸ் − ஒய்×ஒய் போன்ற கோவையில் ஒரு பெருக்கல் ரவுண்டிங் ஆகி இன்னொன்று ஆகாமல் நிற்கும். எக்ஸ், ஒய் இரண்டும் 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகச் செய்தால் விடை பூச்சியம். எஃப்எம்ஏ வந்தால், கம்பைலர் எந்தப் பெருக்கலை உள்ளே இழுத்தது என்பதைப் பொறுத்து, சுமார் 8.3×10⁻¹⁹ அல்லது அதே அளவு மைனஸில். அளவு சிறியதுதான். ஆனால் அதற்கு அடுத்த வரியில் வர்க்கமூலம் எடுக்கிறீர்கள் என்றால் மைனஸ் எண்ணுக்கு நேன் (‘எண் அல்ல’ என்ற மதிப்பு) வரும், அந்த நேன் தொடர்ந்து வரும் எல்லாக் கணக்கையும் தின்றுவிடும். இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டி, தூரத்தை வித்தியாசமாகக் கணக்கிடும் இடங்கள், புள்ளியியலில் மாறுபாடு எல்லாம் இந்த வகை. ஜிசிசி எஃப்எம்ஏ உள்ள எந்திரத்துக்குக் கம்பைல் செய்யும்போது யாரும் கேட்காமலேயே இப்படி இணைத்துவிடும். ‘-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்’ போட்டுப் பாருங்கள், நேன் போய்விட்டால் காரணம் உறுதி. அதற்காக அந்தக் கொடியை அப்படியே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். கோவையை (எக்ஸ்−ஒய்)×(எக்ஸ்+ஒய்) என்று மாற்றி எழுதுங்கள், வேகமும் மிஞ்சும், விடையும் நல்லபடியாக வரும்.

அடுத்தது ‘-எஃப்ஃபாஸ்ட்-மேத்’, அதை உள்ளடக்கிய ‘-ஓஃபாஸ்ட்’. அறிவியல் கணக்கீட்டில் இதை முழு நிரலுக்கும் போடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இந்தக் கொடி ‘நேன் வரவே வராது’ என்று கம்பைலருக்குச் சத்தியம் செய்து கொடுக்கிறது, அதனால் நீங்கள் பாதுகாப்புக்கு எழுதிய ‘இஸ்நேன்’ சோதனையைக் கம்பைலர் எப்போதும் பொய் என்று எடுத்து நீக்கிவிடும். இன்னும் மோசமானது: ஜிசிசி 13-க்கு முன்பு வரை இந்தக் கொடியோடு லிங்க் செய்த ஷேர்டு லைப்ரரி, லோட் ஆன உடனேயே, அதை லோட் செய்த த்ரெட்டில் மிகச்சிறிய டீநார்மல் எண்களைப் பூச்சியமாக்கும் நிலைக்கு ப்ராசஸரைத் தள்ளிவிடும். பைத்தானில் சம்பந்தமில்லாத ஒரு பேக்கேஜை இம்போர்ட் செய்ததும் உங்கள் ஆப்டிமைசர் ஒன்றுசேர மறுக்கிறது என்றால், 2.2×10⁻³⁰⁸-ஐ இரண்டால் வகுத்துப் பாருங்கள். பூச்சியம் வந்தால் யாரோ அந்த நிலையை மாற்றியிருக்கிறார்கள். இம்போர்ட்களை ஒவ்வொன்றாக நீக்கிக் குற்றவாளியைப் பிடியுங்கள்.

அறிகுறி: ஏவிஎக்ஸ் கொடி போட்டும் வேகம் கூடவில்லை

கம்பைலர் லூப்பை வெக்டார் ஆக்கியதா என்று முதலில் அதையே கேளுங்கள். ஜிசிசியில் ‘-எஃப்ஆப்ட்-இன்ஃபோ-வெக்-மிஸ்டு’, கிளாங்கில் ‘-ஆர்பாஸ்-மிஸ்டு=லூப்-வெக்டரைஸ்’. ஜிசிசி 12-க்கு முன்பு ‘-ஓ2’-வில் இது நடக்கவே நடக்காது, ‘-ஓ3’ வேண்டும்.

மறுப்புக்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் பாயின்டர்கள் ஒன்றின்மேல் ஒன்று விழலாம் என்ற பயம். சி-யில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ போட்டால் போதும் (ஃபோர்ட்ரானில் மொழி விதியே அந்தப் பயத்தை நீக்கிவிடுகிறது, பழைய ஃபோர்ட்ரான் நிரல்கள் இன்றும் வேகத்தில் சளைக்காமல் நிற்பதற்கு இது ஒரு நியாயமான காரணம்). கூட்டல் லூப் என்றால் வரிசையை மாற்ற அனுமதி இல்லாமல் கம்பைலர் கை வைக்காது. அந்த ஒரு லூப்புக்கு மட்டும் ஓப்பன்எம்பியின் ‘சிம்டு ரிடக்ஷன்’ ப்ராக்மா போட்டு, ‘-எஃப்ஓப்பன்எம்பி-சிம்டு’ கொடுங்கள். முழு நிரலுக்கும் ஃபாஸ்ட்-மேத் போடாமல் அதன் பலனை வேண்டிய இடத்தில் மட்டும் எடுத்துக்கொள்ள இதுவே வழி. துகள்களை எக்ஸ், ஒய், இசட் என்று ஒரு ஸ்ட்ரக்டில் அடுக்கி அந்த ஸ்ட்ரக்ட்களை வரிசையாக வைத்திருந்தால், எக்ஸ் எல்லாம் ஒரு அரே, ஒய் எல்லாம் ஒரு அரே என்று பிரித்து வையுங்கள். செய்ய அலுப்பான வேலைதான், ஆனால் எந்தக் கொடியும் தராத வேகத்தை இது தரும்.

வெக்டார் ஆகியும் வேகம் இல்லையா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஏவிஎக்ஸ்2 கோர், இரண்டு எஃப்எம்ஏ யூனிட்டோடு, சுழற்சிக்கு 16 டபுள் கணக்குகள், அதாவது நொடிக்கு 4800 கோடி. இப்போது ஏ = பி + எஸ்×சி என்ற எளிய லூப்பை எடுங்கள்: ஒரு உறுப்புக்கு இரண்டு கணக்கு, நகர வேண்டிய தரவு குறைந்தது 24 பைட். இரண்டு சேனல் டிடிஆர்4-3200 நினைவகத்தின் உச்ச வேகம் நொடிக்கு 51.2 ஜிபி. வகுத்தால் நொடிக்குச் சுமார் 430 கோடி கணக்கு, அவ்வளவுதான். அந்த ஒரு கோரால் முடிந்ததில் பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஏவிஎக்ஸ்-512 வாங்கினாலும் இதே எண்தான். தரவு கேஷில் இருக்கும்போதே பல வேலைகளை அதன்மேல் முடித்துவிடும்படி லூப்களைச் சேர்ப்பது, தொகுதி தொகுதியாகப் பிரிப்பது, துல்லியம் தாங்குமானால் டபுளிலிருந்து ஃப்ளோட்டுக்கு இறங்குவது: இவைதான் இங்கே பலன் தரும்.

லைப்ரரி விஷயத்தில், பைத்தானின் நம்பையில் ‘ஷோ_ரன்டைம்’ கூப்பிட்டால் எந்தக் கட்டளைத் தொகுதிகளைக் கண்டுபிடித்தது, எதைக் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லும். மூலக்கூறு சிமுலேஷன் நிரலான குரோமாக்ஸ் தன் லாக் கோப்பின் தொடக்கத்திலேயே எந்த சிம்டு வகையில் கம்பைல் ஆனது, இந்த எந்திரத்துக்கு எது பொருத்தம் என்று எழுதிவிடுகிறது. அந்த வரியைப் படிக்காமல் வாரக்கணக்கில் ஓடும் சிமுலேஷனைத் தொடங்காதீர்கள்.

அறிகுறி: ஏவிஎக்ஸ்-512 போட்டதும் மெதுவாகிவிட்டது

முதல் தலைமுறை சியான் ஸ்கேலபிள் (2017) என்றால் அதிர்வெண்ணைப் பாருங்கள். கனமான 512 பிட் கட்டளைகள் ஓடும்போது அந்தச் சிப்கள் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிரலில் பத்தில் ஒரு பகுதிதான் வெக்டார் என்றால் மீதி ஒன்பதும் சேர்ந்து மெதுவாகும். அதோடு சில்வர், ப்ரான்ஸ் (வெண்கலம்) என்ற பெயர் கொண்ட வகைகளில் 512 பிட் எஃப்எம்ஏ யூனிட் ஒன்றுதான், அகலம் இரட்டித்தும் கணக்கு வேகம் ஏவிஎக்ஸ்2 அளவிலேயே நிற்கும். ஐஸ் லேக் தலைமுறையிலிருந்து இந்த அதிர்வெண் சரிவு வெகுவாகக் குறைந்துவிட்டது. ‘-எம்ப்ரிஃபர்-வெக்டார்-வித்’ கொடியில் 256, 512 இரண்டையும் போட்டு உங்கள் உண்மையான தரவில் நேரம் அளந்து எது குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். 256 வென்றாலும் ஏவிஎக்ஸ்-512-இன் மாஸ்க்குகளும் 32 ரெஜிஸ்டர்களும் உங்களுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

நிரலில் எதையுமே மாற்றவில்லை, சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகுதான் மெதுவானது, அதுவும் இன்டெக்ஸ் வழியாகச் சிதறிய இடங்களிலிருந்து எண்களைத் திரட்டும் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் வேலையில்தான் மெதுவானது என்றால், முன்பு சொன்ன டவுன்ஃபாலுக்கான மைக்ரோகோடு ‘கேதர்’ கட்டளையை மெதுவாக்கியிருக்கக் கூடும். ஸ்கைலேக்கிலிருந்து ஐஸ் லேக், டைகர் லேக் வரை இந்தப் பாதிப்பு உண்டு, சில வேலைகளில் 50 சதவீதம் வரை போகலாம் என்று இன்டெல்லே சொன்னது. ‘/சிஸ்’ அடைவில் சிபியு ‘வல்னரபிலிட்டீஸ்’ பட்டியலில் ‘கேதர்_டேட்டா_சாம்ப்ளிங்’ என்ற கோப்பைத் திறந்தால் நிலவரம் தெரியும். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் எந்திரத்தில் அந்தப் பாதுகாப்பை அணைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ‘கேதர்’ இல்லாமல் கம்பைல் செய்து பாருங்கள்: ஜிசிசியில் ‘-எம்ட்யூன்-சிடிஆர்எல்=^யூஸ்_கேதர்’ என்ற கொடி அதற்கென்றே இருக்கிறது.